மாத்திரை, நிகோட்டின் கம் இல்லாமல் பீடி, சிகரெட்டை நிப்பாட்டும் முறை

பீடியை விட முடியாதவனுக்கு மன உறுதி இல்லை என்று சொல்வது சுலபம். ஆனால் திருநெல்வேலிப் பக்கம் கார்த்திகையில் ஐயப்பனுக்கும், தசரா நெருங்கும்போது குலசை முத்தாரம்மனுக்கும் மாலை போட்டுக்கொண்டு 41 நாள் பீடியைத் தொடாமல் இருக்கிற ஆட்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. மேலப்பாளையத்தில் நோன்பு மாதத்தில் பகல் முழுக்க ஒரு இழுப்பு இல்லாமல் வேலை பார்க்கிறவர்களும், பாளையங்கோட்டையில் தவக்காலம் நாற்பது நாளும் சிகரெட்டை ஒதுக்கி வைக்கிறவர்களும் உண்டு. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் பார்த்தால் அதே ஆள் அதே டீக்கடை வாசலில் பற்றவைத்துக்கொண்டு நிற்பார்.

41 நாளில் உடம்பு நிகோட்டினை மறந்தாகிவிட்டது. டீக்கடை பெஞ்சையும், சாப்பிட்டு முடித்ததும் சட்டைப்பைக்குப் போகும் கையையும் மறக்கவில்லை. அதனால் இந்தக் குறிப்பில் பாதிக்கு மேல் நேரத்தையும் இடத்தையும் பற்றித்தான் இருக்கும்.

நிகோட்டின் கணக்கு

இழுத்த புகையிலிருந்து நிகோட்டின் பத்து, இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடும். பிறகு ரத்தத்தில் அது ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிப் பாதியாகக் குறையும். ராத்திரி பத்து மணிக்குக் கடைசிப் பீடி என்றால், காலை ஆறு மணிக்கு அதில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். காலையில் எழுந்ததும் கை தலையணைக்கு அடியில் தேடுவது இதனால்தான். உங்களுக்கு எவ்வளவு பிடிப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், எண்ணிக்கையோடு முதல் பீடியின் நேரத்தையும் பாருங்கள். எழுந்து 5 நிமிடத்துக்குள் பற்றவைக்கிறவருக்குப் பிடிப்பு மிக அதிகம், அரைமணிக்குள் என்றாலும் நல்ல பிடிப்புதான். ஒரு மணி நேரம் தாண்டி என்றால் முதல் மூன்று நாள் அவ்வளவாகப் படுத்தாது.

கடைசிப் பீடிக்குப் பிறகு மூன்று நாளில் நிகோட்டின் ஏறக்குறைய முழுக்க வெளியேறிவிடும். எரிச்சல், தவிப்பு, தூக்கமின்மை எல்லாம் உச்சத்துக்குப் போவதும் அந்த இரண்டாம், மூன்றாம் நாளில்தான். அதன்பின் இறங்குமுகம். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். இந்தத் தவிப்பு ஆளைப் படுத்தி எடுக்குமே ஒழிய உயிருக்கு ஆபத்தில்லை. (தினமும் அதிகமாகச் சாராயம் குடிக்கிறவர் குடியைத் திடீரென்று நிறுத்துவது வேறு விஷயம். அது ஆபத்தாக முடியலாம், டாக்டர் துணையில்லாமல் செய்யக்கூடாது. இரண்டையும் ஒரே நாளில் விட நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.)

பீடி சின்னது, தூளும் கொஞ்சம்தான், அதனால் சிகரெட்டை விடச் சாது என்று ஒரு நினைப்பு ஊரில் இருக்கிறது. தப்பு. பீடி இலை வழியாகக் காற்றுப் புகாது. இழுக்காமல் வைத்தால் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே போகும், பல நேரம் கூடுதலாகவே போகும். ஆகவே சிகரெட்டை விடுவதற்காகப் பீடிக்கு வருவது, பீடியை விடுவதற்காகப் பில்டர் சிகரெட்டுக்குப் போவது இரண்டும் வீண் வேலை.

ஒரு உண்மையையும் முன்னாலேயே சொல்லிவிடலாம். எந்த ஆயத்தமும் துணையும் இல்லாமல் திடீரென்று விடுகிறவர்களில், ஒரு முயற்சிக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தாண்டுகிறார்கள். விழுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே விழுந்துவிடுகிறார்கள். ஆனாலும் இன்றைக்குப் புகைப்பதை விட்டுவிட்டு நடமாடுகிறவர்களில் பெரும்பகுதி மருந்தில்லாமல் விட்டவர்கள்தான், பலரும் நாலைந்து தடவை முயன்று விட்டவர்கள்.

கட்டின் மேல் ஒரு தாள்

விடுவதற்கு முந்தின வாரம் மூன்று நாள் மட்டும் இதைச் செய்யுங்கள். பீடிக் கட்டையோ சிகரெட் பாக்கெட்டையோ ஒரு வெள்ளைத்தாளால் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒவ்வொன்றை எடுக்கும்போதும் ரப்பரைக் கழற்றி, தாளில் நாலு விஷயம் எழுதிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும்: மணி, இடம், கூட யார், எவ்வளவு வேண்டியிருந்தது. கடைசிக்கு 1, 2, 3 என்று எண் போட்டால் போதும். இல்லாமல் முடியாது என்றால் 3, கை தன்னால் போனது என்றால் 1.

இந்த மூன்று நாளில் குறைக்க முயல வேண்டாம். வழக்கம்போல் குடியுங்கள், எழுத மட்டும் செய்யுங்கள். தாளை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பாதிக்கு மேல் 1 தான் இருக்கும். பஸ்ஸுக்கு நின்றது, போன் பேசியது, பக்கத்தில் இருந்தவர் பற்றவைத்தது. இவை தீக்குச்சியும் கட்டும் கையில் இல்லாவிட்டாலே போய்விடும். 3 போட்டவை ஐந்தாறு இருக்கும். காலைக்கடனுக்கு முன், முதல் டீயோடு, மதியச் சாப்பாட்டுக்குப் பின், வேலைக்கு நடுவில் இளைப்பாறும்போது, ராத்திரி படுக்கும் முன். இந்த ஐந்தாறுக்கும் ஒவ்வொன்றாக மாற்று எழுதி வைக்காமல் நாள் குறிக்காதீர்கள். "அந்நேரம் பாத்துக்கிடலாம்" என்று விட்ட நேரத்தில்தான் கட்டு திரும்ப வாங்கப்படும்.

நாள் குறிப்பது

இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு நாள். அதற்கு மேல் தள்ளினால் அந்த நாள் வரவே வராது. ஊர்க் கோயில் கொடை, வீட்டுக் கல்யாணம், அறுப்பு நேரம் இவற்றுக்கு முந்தின நாளாக இருக்கக்கூடாது. தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் பீடிகள் வேலையிடத்தில் அதிகம் என்றால் இரண்டு நாள் லீவோடு சேர்த்து ஆரம்பிக்கலாம். வீட்டில் சும்மா இருக்கும்போதுதான் அதிகம் என்றால் வேலை நாளே நல்லது.

மாலை போடும் நாளில் ஆரம்பிப்பது உண்மையிலேயே நல்ல யோசனை. சாமி என்று கூப்பிடுகிறவனிடம் யாரும் பீடியை நீட்ட மாட்டார்கள், ஊரே காவல் இருக்கும். ஆனால் மாலை கழற்றும் நாளை இரண்டாவது விடும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கும் முதல்நாள் போலவே ஆயத்தம் வேண்டும். கழற்றிவிட்டுத் திரும்பும் வண்டியில் யார் பக்கத்தில் உட்காருவது என்பது வரை யோசித்து வைக்க வேண்டும்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விடுவதா, ஒரே நாளில் வெட்டுவதா? ஒரே நாளில். இருபதைப் பத்தாக்கினால், அந்தப் பத்தையும் உடம்பு முன்னைவிட ஆழமாக, அடிவரை இழுத்துத் தன் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். போதாததற்கு, மிச்சமிருக்கிற பத்தும் நாளின் மிக ருசியான பத்தாகிவிடும். குறைத்தே தீருவேன் என்கிறவர்கள் ஒரு வாரத்துக்கு மேல் இழுக்காமல், தினமும் முதல் பீடியை ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போய், எட்டாம் நாள் நிறுத்திவிட வேண்டும்.

முந்தின ராத்திரி

மிச்சமிருக்கிற பீடியைக் குப்பையில் போடாதீர்கள். விடிகாலை நாலு மணிக்குக் குப்பையைக் கிண்டிய ஆட்கள் நிறையப் பேர். ஒவ்வொன்றாக முறித்துத் தண்ணீர் வாளியில் போட்டு ஊறவைத்து, பிறகு கொட்டுங்கள். ஒளித்து வைத்த இடங்கள் எல்லாவற்றையும் தேடுங்கள்: எறவாணத்துச் செருகல், மாடக்குழி, பைக் பக்கப் பெட்டி, வயல் மோட்டார் ரூம், மழைக்கோட்டுப் பை, அலமாரியில் கிடக்கும் பழைய சட்டை. மூன்றாம் நாள் மழைக்கோட்டை எடுக்கும்போது ஒரு பீடி கையில் சிக்கினால் அதைக் கீழே போடுகிற ஆள் அபூர்வம்.

லைட்டரைத் தூக்கி எறியுங்கள். தீப்பெட்டி அடுப்படியைத் தாண்டக்கூடாது. சட்டை, வேட்டி, தலைக்குக் கட்டும் துண்டு, தலையணை உறை எல்லாவற்றையும் துவைத்துப் போடுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும்: "பத்து நாளைக்கு நான் எரிஞ்சு விழுந்தா எதுத்துப் பேசாத, பொறவு சரியாயிரும்." சொல்லாமல் ஆரம்பித்தால் மூன்றாம் நாள் வீட்டில் சண்டை வரும். "இதுக்கு நீரு பீடியே குடிச்சிருக்கலாம்" என்று வீட்டுக்காரியே சொல்லிவிடுவாள். அதன்பின் யாரைக் குறை சொல்வது?

முதல் மூன்று நாள்

பீடி ஆசை ஒரு தடவை எழும்பினால் மூன்று முதல் ஐந்து நிமிடம் நிற்கும். பீடி குடித்தாலும் குடிக்காவிட்டாலும் இறங்கிவிடும். முதல்நாள் இது அடிக்கடி வரும். நாள் முழுவதையும் ஓட்ட வேண்டும் என்று மலைக்க வேண்டாம், அந்த ஐந்து நிமிடத்தை ஓட்டினால் போதும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

நின்ற இடத்தை விட்டு நகருங்கள், இது முதலில். பிறகு மூக்கு வழியாக நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, வாய் குவித்து ஆறு எண்ணும் வரை விடுங்கள். இப்படிப் பத்து முறை. மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். பீடி குடிக்கும்போது மனசு அமர்ந்ததில் ஒரு பங்கு இந்த நீண்ட மூச்சுக்கும் உண்டு, அதைப் புகையில்லாமல் வாங்கிக்கொள்கிறீர்கள். அடுத்து அரை டம்ளர் தண்ணீரை ஒரே மடக்கில் குடிக்காமல் பத்துப் பதினைந்து மிடறாகக் குடியுங்கள். அப்புறமும் அடங்கவில்லை என்றால் வாய்க்கு ஏதாவது. கிராம்பு, சோம்பு, சுக்குத் துண்டு, பெருநெல்லி, அரைப்பழமான கொய்யா. தை மாசம் என்றால் பனங்கிழங்கை விடச் சிறந்தது கிடையாது. தோல் உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்துப் போட்டு, நார் நாராகக் கிழித்து மென்று முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும், இரண்டு கைக்கும் வேலை. அல்வா இதற்கு ஆகாது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், கை மறுபடி சும்மா இருக்கும்.

ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சாயங்கால ஆசை பொறுக்க முடியாமல் போனால் துண்டை எடுத்துக்கொண்டு தாமிரபரணிக்குப் போய்விடலாம். தண்ணீருக்குள் நின்றுகொண்டு யாரும் பீடி குடிப்பதில்லை. கல்மண்டபப் படியில் உட்கார்ந்து தலை துவட்டும்போதுதான் ஆபத்து, அதனால் குளித்ததும் கிளம்பிவிடுங்கள்.

இந்த நாட்களில் வரக்கூடியவை: தலைவலி, லேசான கிறக்கம், கவனம் நிற்காமை, நல்ல பசி, ராத்திரி இரண்டு மூன்று தடவை முழிப்பு, பீடி குடிப்பது போலவே கனவு. முதல் இரண்டு வாரத்தில் வாய்ப்புண் வருவதும் உண்டு. சிலருக்கு இருமல் முன்னைவிடக் கூடும். மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளுகிற நுண்ணிய மயிர்கள் புகையில் முடங்கிக் கிடந்தவை, அவை மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. "விட்ட பொறவுதான் இருமலே வந்துச்சு, ஒத்துக்கல" என்று திரும்பப் பிடிக்கிறவர்கள் இதை அறியாதவர்கள்.

காலைக்கடன்

வெளியே சொல்ல வெட்கப்பட்டாலும், ஆண்கள் திரும்பப் பிடிக்கிற காரணங்களில் இது பெரியது. "பீடி இல்லாட்டி வெளிக்கி வராது." இதில் பாதி பழக்கம், பாதி உண்மை. நிகோட்டின் குடலைத் தூண்டிவிடும். அது நின்றதும் குடல் மந்தமாகி, இரண்டு மூன்று நாள் சரியாகப் போகாது. வயிறு உப்பும், மனசு எரியும், நாலாம் நாள் காலையில் "ஒண்ணே ஒண்ணு, இதுக்கு மட்டும்" என்று கடைக்குப் போவார். மலச்சிக்கலுக்காகப் பற்றவைத்த ஒன்று மத்தியானத்துக்குள் நாலாகியிருக்கும்.

இதற்கான ஆயத்தம் விடும் நாளுக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு நாட்டு வாழைப்பழம். படுக்கும் முன் பத்துப் பதினைந்து உலர்திராட்சையைத் தண்ணீரில் ஊறப் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடுங்கள். எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர். குடித்ததும் கக்கூசுக்குப் போகாமல் பதினைந்து நிமிடம் நடங்கள். மதியம் கீரை அல்லது அவரை, கொத்தவரை பொரியல் ஒரு கிண்ணம் நிறைய. காலையில் இட்லிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் கம்பு, கேப்பைக் கூழ். மைதா பரோட்டாவை இரண்டு வாரம் மறந்துவிடுங்கள், நம் ஊரில் இது கஷ்டம்தான். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் திராட்சையை விட்டுவிட்டுக் காய், கீரையைக் கூட்டிக்கொள்ளலாம்.

தினமும் ஒரே நேரத்துக்குப் போய் உட்காருங்கள், வராவிட்டால் ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுங்கள். முக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் குடல் தன் போக்குக்கு வந்துவிடும். பீடி கொண்டுபோகும் பழக்கமுள்ளவர்கள் கையில் எதுவும் இல்லாமல் போகாதீர்கள். தினத்தாள் கொண்டுபோங்கள்.

டீயும் காப்பியும்

இது பலருக்கும் தெரியாது. புகையில் உள்ள தார்ப் பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ, காப்பியில் உள்ள கஃபீனைச் சீக்கிரமாகக் கழித்துவிடும். புகை நின்ற சில நாளில் கல்லீரல் சாதாரண வேகத்துக்கு வந்துவிடும். அப்போது நீங்கள் குடிக்கிற அதே ஆறு டீ, ஏறத்தாழ இரண்டு மடங்கு டீ குடித்த மாதிரி உடம்பில் தங்கும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது. பீடியை விட்டதால் வந்தது என்று நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே விடும் நாள் முதலே டீ, காப்பியைப் பாதியாக்கிவிட வேண்டும். ஆறு என்றால் மூன்று. மத்தியானத்துக்குப் பிறகு வேண்டாம். அந்த நேரத்துக்குச் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி (காப்பித்தூள் சேர்க்காதது), மோர், சீசனில் பதநீர்.

இன்னொன்று, டீக்கடையின் இடம். பெட்டிக்கடையும் டீக்கடையும் ஒட்டியே இருக்கும். தூணில் கயிறு கங்கோடு தொங்கும், இல்லாவிட்டால் சின்ன விளக்கும் பக்கத்தில் டப்பா நிறையக் கிழித்துப் போட்ட சிகரெட் அட்டையும் இருக்கும். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கக்கூடாது. முதல் மூன்று வாரம் கடையை மாற்றுங்கள். மாற்ற வழியில்லை என்றால் உள்ளே போய் உட்காருங்கள், வெளிப் பெஞ்சு வேண்டாம். கிளாஸை எப்போதும் பீடி பிடிக்கும் கையிலேயே பிடியுங்கள். கிளாஸை வைத்த கையோடு காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். பழைய பாக்கி எதுவும் இருந்தால் முந்தின நாளே தீர்த்துவிடுங்கள். கணக்குத் தீர்க்கப் போகிறவர்கள் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு உள்ள பீடிக்கு எளிய மாற்று, கை கழுவிய இடத்திலேயே பல் தேய்த்துவிடுவது. பேஸ்ட் வாசனையோடு பீடி ஒத்துவராது. ராத்திரி லாரி, வேன் ஓட்டுகிறவர்கள் தூக்கத்தை விரட்டவே குடிக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையான மாற்று வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் தூங்குவதுதான், வேறு வித்தை இல்லை.

உடம்பு எடை முதல் வருடத்தில் சராசரியாக நாலைந்து கிலோ கூடலாம். முதல் மாதத்தில் அதைக் குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்காதீர்கள். பசியும் பீடி ஆசையும் ஒன்றுபோலவே தெரியும், குழப்பிக்கொள்வீர்கள்.

பீடி சுற்றும் வீடு

முக்கூடல், ஆலங்குளம், கடையம், பாவூர்சத்திரம், வீரவநல்லூர், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கம் எத்தனையோ வீட்டில் பெண்கள் பீடி சுற்றித்தான் அடுப்பு எரிகிறது. அந்த வீட்டு ஆம்பளை பீடியை விட வேண்டும் என்றால் மற்றவர்களுக்குச் சொல்கிற "வீட்டில் ஒன்றும் வைக்காதே" என்ற புத்திமதி செல்லாது. சுளவு நிறையத் தூளும் இலையும் மடியிலேயே இருக்கும். கட்டுக் கட்டாகச் சுற்றி வைத்திருப்பதில் ஒன்று குறைந்தால் யாருக்கும் தெரியாது.

செய்யக்கூடியவை சில உண்டு. சுற்றும் இடம் ஒன்றாக இருக்கட்டும். தார்சாவோ திண்ணையோ, எதுவானாலும் காற்றோட்டமுள்ள ஓரிடம். நீங்கள் படுக்கிற அறையாக மட்டும் இருக்கக்கூடாது. தூளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அது சுற்றுகிறவருக்கும் நல்லது. தூளைத் தொட்டும் சுவாசித்தும் சுற்றுகிற பெண்கள் உடம்பிலும் நிகோட்டின் ஏறுகிறது. சுற்றி முடித்த பீடியை அன்றன்றே எண்ணிக் கட்டி வைப்பது, எண்ணிக்கை சுற்றியவரிடம் மட்டும் இருப்பது இரண்டும் நல்ல காவல். சாயங்காலம் உதவிக்கு உட்கார்ந்து முனை மடக்குவது, நூல் கட்டுவது, கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாவற்றையும் இரண்டு மாதத்துக்கு வேறு யாராவது பார்க்கட்டும். அதற்குப் பதில் தண்ணீர் எடுப்பதோ, சோறு பொங்குவதோ உங்கள் பங்காகட்டும். வீட்டுக்காரி மறுக்க மாட்டாள்.

கூட்டத்தில்

பத்து நாள் தாண்டியவர்கள் விழுகிற இடம் கூட்டம். துஷ்டி வீட்டில் (சாவு வீட்டில்) பந்தலுக்கு அடியில் வெற்றிலைத் தட்டோடு பீடிக்கட்டும் தீப்பெட்டியும் சுற்றி வரும். மனசு கலங்கியிருக்கும், விடிய விடிய முழித்திருக்க வேண்டும், எல்லோரும் குடிப்பார்கள். கொடை ராத்திரியும் அப்படித்தான், வில்லுப்பாட்டு முடியும்போது மணி மூன்றாகிவிடும். இந்த இடங்களுக்குப் போகாமல் இருக்க முடியாது. தட்டு வரும் பக்கத்தில் உட்காராமல், ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கொடுப்பது, நாற்காலி போடுவது, பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைக் கூட்டி வருவது.

மறுக்கும் வார்த்தை முக்கியம்.

"மாப்ள, ஒண்ணு போடும்வே."

"வேண்டாம் அண்ணாச்சி, விட்டாச்சு."

இதோடு முடித்துவிட வேண்டும். "விடலாம்னு பாக்கேன்" என்று சொன்னால் "பாக்கத்தான செய்யுத, இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு விடு" என்று அண்ணாச்சி விடமாட்டார். டாக்டர், சபதம், பிள்ளை மேல் சத்தியம் என்று காரணம் அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். விட்டாச்சு என்ற ஒரு சொல்லுக்குப் பதில் கிடையாது. மூத்தவர்கள் கையில் திணித்தால் வாங்கி மடியில் வைக்காமல் அங்கேயே அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

சாராயம் தனிக்கதை. குடித்த மூளைக்குத் தாளில் எழுதியது எதுவும் ஞாபகம் வராது. முதல் ஒரு மாதம் பாட்டில் இருக்கிற இடத்துக்கே போகாமல் இருப்பதுதான் வழி. "குடிப்பேன், பீடி மட்டும் தொடமாட்டேன்" என்கிறவர்களில் தேறியவர்கள் மிகக் கொஞ்சம்.

ஒன்று குடித்துவிட்டால்

ஒரு பீடி குடித்துவிட்டதால் பத்து நாள் பட்ட பாடு அழிந்துவிடாது. அழிப்பது அதற்கு அடுத்து வருகிற எண்ணம்: "கெட்டுப் போச்சு, இந்தக் கட்டு முடியட்டும், அமாவாசையிலிருந்து பாப்போம்." பாதியில் இருந்தால் பாதியிலேயே அணையுங்கள். மிச்சத்தைத் தண்ணீரில் போடுங்கள். அதே நிமிடத்திலிருந்து விட்டவர்தான் நீங்கள். அன்று ராத்திரி பழைய தாளின் பின்பக்கத்தில் மணி, இடம், கூட யார் என்று எழுதி, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் புது மாற்று யோசியுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் உண்டு. மூன்று மாதம் ஆனபின், "இப்பதான் ஆசையே இல்லயே, ஒண்ணு குடிச்சா என்ன ஆயிரும்" என்று சோதனை பார்ப்பது. ஆசை இல்லாதவன் எதற்குச் சோதிக்க வேண்டும்?

பீடிக்குப் பதில் வெற்றிலையோடு போயிலை, மூக்குப்பொடி, உதட்டுக்குள் அடக்கும் பொட்டலம் என்று மாறுவது விட்டதாகாது. எல்லாம் அதே நிகோட்டின்தான், வாயில் அடக்குபவை வாய்ப் புற்றுக்கு இன்னும் நேர்வழி. போயிலை இல்லாத வெற்றிலையிலும் பாக்கு இருக்கிறது. பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவது, பழக்கமாவது.

பேச்சுத் துணை மருந்தில் சேர்த்தியில்லை, அதை விட்டுவிடாதீர்கள். புகையிலைப் பாக்கெட்டுகளில் எச்சரிக்கைப் படத்தோடு 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கும். புகையிலையை விட உதவும் தேசிய எண் அது. ஒழுங்காக ஆயத்தம் செய்து இரண்டு தடவை முயன்றும் முதல் வாரம் தாண்டவில்லை என்றால், மருந்தில்லாமல்தான் விடுவேன் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போவதே சரி. அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

முதலிலேயே டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள்

சில மாத்திரைகளையும் கல்லீரல் டீயைப் போலவே கழிக்கிறது. மனநலத்துக்கு குளோசபின், ஓலன்சபின் சாப்பிடுகிறவர்கள், இளைப்புக்கு (ஆஸ்துமா) தியோபிலின் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புகையை நிறுத்தினால் மருந்தின் அளவு ரத்தத்தில் கூடிவிடும். நாள் குறிப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லி அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் சில வாரம் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும். முன்பு மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்தவர்களும் தனியாக இறங்க வேண்டாம். விட்டபின் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், சாக வேண்டும் போலத் தோன்றினால் அன்றே போக வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சளியில் ரத்தம் பட்டாலோ, சாயங்காலக் காய்ச்சலும் எடைக்குறைவும் இருந்தாலோ "விட்டதால் வந்த இருமல்" என்று இருந்துவிடாதீர்கள். புகைப்பவர்களுக்குக் காசநோய் வர வாய்ப்பு அதிகம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியிலோ சளிப் பரிசோதனை இலவசம். நடந்தால் கெண்டைக்காலில் வலி, கால்விரல் கறுத்தல், ஆறாத புண் இருந்தால் அது பீடி குடிக்கிறவர்களுக்கு வரும் ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அந்த நோயில் நாளுக்கு ஒன்றிரண்டு பீடி மிச்சம் வைத்தாலும் விரல் போகும், கால் போகும். போகும்போது எத்தனை வருடமாக, நாளுக்கு எத்தனை, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்ற மூன்றையும் டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.